வியர்வை காயும் பாதை

விக்கிரவாண்டி வட்டாரத்தில் நீண்ட தூரம் ஓட விரும்புகிறவருக்கு இரண்டு விதமான பாதைகள் கிடைக்கின்றன. ஒன்று நீரை ஒட்டியது. செஞ்சி மலைப்பக்கமிருந்து வரும் வராக நதியும் தொண்டி ஆறும் சேருமிடத்தில் 1959-ல் கட்டி முடிக்கப்பட்ட வீடூர் அணையின் மண்கரை அது. முழுக் கொள்ளளவு 605 மில்லியன் கன அடி, நீர்மட்டம் 32 அடி. இங்கிருந்து தமிழ்நாட்டில் 2,200 ஏக்கரும் புதுச்சேரியில் 1,000 ஏக்கரும் பாசனம் பெறுகின்றன. அணையைத் தாண்டிய பிறகு சங்கராபரணி என்ற பெயரோடு ஆறு புதுச்சேரியை நோக்கிப் போகிறது. இன்னொன்று மரங்களுக்கு அடியில் போவது. கிழக்கே வானூர்ப் பக்கம், ஆரோவில் காடுகளுக்குள் செம்மண்ணில் வளைந்து செல்லும் தடங்கள். 2008 முதல் பிப்ரவரி மாதத்தில் ஆரோவில் மாரத்தான் நடப்பது இந்தத் தடங்களில்தான். முழு மாரத்தான், அரை மாரத்தான், பத்து கிலோமீட்டர் என்று தூரங்கள் உண்டு. பரிசுக்காக அல்லாமல் ஓடுவதன் மகிழ்ச்சிக்காக ஓடுங்கள் என்பது அவர்களுடைய அழைப்பு.

இந்த இரண்டில் உடம்புக்கு எது இதமானது என்று கேட்டால் பெரும்பாலோர் நீர்க்கரையைத்தான் சொல்வார்கள். நீர் இருந்தால் குளிர்ச்சி, காற்று, கண்ணுக்கு விரிவு. காட்டுக்குள் போனால் புழுக்கம். ஓடாமல் நிற்கிறவருக்கு இது சரி. ஓடுகிற உடம்பின் கணக்கு வேறு. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் எந்த நேரத்தில், எந்தப் பாதையில், எந்தத் திசையில் ஓடலாம் என்பது வரைக்கும் தெளிவு கிடைக்கிறது.

ஓட்டத்தைக் கால்களின் வேலை என்று நினைக்கிறோம். நம் ஊர்த் தட்பவெப்பத்தில் அது முதலில் தோலின் வேலை. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்ல ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகும் என்று இத்தாலிய உடலியங்கியல் அறிஞர் ரொடோல்ஃபோ மார்கரியாவும் அவருடைய குழுவினரும் 1963-ல் காட்டினார்கள். மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இது பெரிதாக மாறுவதில்லை. ஆக, 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 600 கிலோ கலோரி. இதில் முக்கால் பங்குக்கு மேல் அசைவாக மாறாமல் வெறும் சூடாகவே உடம்பில் தங்கும். 480 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்வோம். அவர் உடம்பை ஒரு டிகிரி சூடாக்க 50 கிலோ கலோரி போதும். சூட்டை வெளியேற்ற வழியே இல்லையென்றால் ஆறு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். 37-ல் தொடங்கினால் அரை மணி நேரத்துக்குள் 41-ஐத் தொட்டு, உயிருக்கு ஆபத்தான எல்லைக்குள் போய்விடும்.

அப்படி ஆகாமல் காப்பது வியர்வை. மனிதத் தோலில் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. நாய்க்கு மேல்மூச்சு வாங்கித்தான் சூட்டை விட முடியும். நாலுகால் பாய்ச்சலில் ஓடிக்கொண்டே அதைச் சரியாகச் செய்ய முடியாது. மனிதன் ஓடிக்கொண்டே ஆறுகிறான். டென்னிஸ் பிராம்பிள், டேனியல் லீபர்மேன் இருவரும் 2004-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, நெடுந்தூர ஓட்டம்தான் நம் உடலை வடிவமைத்த சக்திகளுள் ஒன்று என்று வாதிட்டதற்கு இந்த வியர்வையும் ஒரு காரணம். மயிர் குறைந்த தோல், நீண்ட குதிகால் நாண், வலுவான புட்டத் தசை எல்லாம் சேர்ந்து, வெயிலில் வேகமான மிருகங்களையும் களைப்படையச் செய்யும் உயிரினமாக நம்மை ஆக்கின என்பது அவர்கள் வாதம். எல்லா ஆய்வாளர்களும் அதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால் சூட்டைத் தாங்கி ஓடுவதில் மனிதனுக்கு நிகரான விலங்கு அரிது என்பதில் பெரிய தகராறு கிடையாது.

ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி சூடு கழியும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதியால்தான். ஆனால் ‘ஆவியானால்’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தாடையிலிருந்து சொட்டி மண்ணில் விழும் வியர்வை உடம்பை ஆற்றுவதே இல்லை. நீரும் உப்பும் நட்டம், அவ்வளவுதான். நன்றாக வியர்க்கிறது, அதனால் உடம்பு குளிர்கிறது என்று நினைப்பது தவறு. எவ்வளவு வியர்க்கிறது என்பதைவிட எவ்வளவு தோலின் மேலேயே காய்கிறது என்பதுதான் கேள்வி.

அது எப்போது நன்றாகக் காயும்? இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதம் என்று வானிலைச் செயலி காட்டுகிறது. பிற்பகலில் 50 சதவீதம். அப்படியானால் பிற்பகலில்தானே வியர்வை நன்றாகக் காய வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓடுகிறவரின் ஈரத்தோல் 35 டிகிரியில் இருந்தால் அதன்மேல் நீராவியின் அழுத்தம் 56 மில்லிபார். 26 டிகிரி விடியற்காற்றில், 90 சதவீத ஈரப்பதத்தில், நீராவி அழுத்தம் 30 மில்லிபார். 36 டிகிரிப் பிற்பகலில், 50 சதவீத ஈரப்பதத்தில், அதுவும் 30 மில்லிபார்தான். சதவீதம் என்பது அந்தந்த வெப்பநிலையில் காற்று ஏந்தக்கூடிய அளவோடு ஒப்பிட்டுச் சொல்வது. காற்று சூடேறச் சூடேற ஏந்தும் அளவு கூடுகிறது, சதவீதம் இறங்குகிறது, உள்ளே இருக்கும் ஈரம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. தோலிலிருந்து வியர்வையை இழுக்கும் விசை இந்த அழுத்தங்களின் வேறுபாட்டில்தான் இருக்கிறது. அது காலையிலும் பிற்பகலிலும் கிட்டத்தட்ட 26 மில்லிபார்.

ஆவியாதல் விஷயத்தில் காலை தோற்கவில்லை. காற்றின் சூடு, வெயில் ஆகிய மற்ற இரண்டிலும் அது வெல்கிறது. 26 டிகிரிக் காற்று 35 டிகிரித் தோலிலிருந்து நேரடியாகவே சூட்டை எடுத்துக்கொள்ளும். 36 டிகிரிக் காற்று தோலுக்குச் சூட்டைக் கொடுக்கும். அதற்கு மேல் வெயில்: உச்சிப்பொழுதில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ ஆயிரம் வாட் விழுகிறது. வெயிலில் காய்ந்த வெற்று மண் 50 டிகிரியைத் தாண்டிக் கீழிருந்தும் அனல் அடிக்கும். விடியற்காலைப் புழுக்கத்தைக் கண்டு பயந்து ஒன்பது மணிக்கு ஓடக் கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

1950-களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெயிலில் சுருண்டு விழுவதைத் தடுக்க, ஈரம், வெயில், காற்றின் சூடு மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் அளவீட்டை உருவாக்கினார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்கு 70 பங்கு, வெயிலில் தொங்கும் கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானிக்கு 20 பங்கு, நிழலில் வைத்த சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10 பங்கு. தொலைக்காட்சி நமக்குச் சொல்லும் வெப்பநிலை அந்தக் கடைசிப் பத்துதான். உலகெங்கும் மாரத்தான் நடத்துகிறவர்களும் ராணுவத்தினரும் இன்றும் இந்த அளவீட்டைத்தான் பார்க்கிறார்கள்.

இப்போது அணைக்கரைக்கு வருவோம். மண் அணையின் கரைமேல் மரம் கிடையாது, இருக்கவும் கூடாது. வேர் கரைக்குள் இறங்கும். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி அந்த இடம் துளையாகும். அதன் வழியே கசியும் நீர் மண் துகள்களை ஒவ்வொன்றாக அரித்துக்கொண்டு போய், துளையைக் குழாய்போல் பெரிதாக்கும். உலகெங்கும் மண் அணைகள் உடைந்ததற்கு இந்த உள்ளரிப்பு முக்கியமான காரணங்களுள் ஒன்று. கரையில் முளைக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டுவது அழகுக்காக இல்லை. ஆக, நீர்த்தேக்கக் கரையில் ஓடுகிறவர் சூரியன் ஏறியதும் முழு வெயிலில் இருப்பார். அதற்கு ஈடாகக் கிடைப்பது காற்று. விரிந்த நீர்ப்பரப்பில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. ஈரத்தோலை ஒட்டிய ஆவிப்படலத்தைக் காற்று அடித்துக்கொண்டு போகும், வியர்வை காயும்.

காற்றுக்கு ஒரு தந்திரம் உண்டு. மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் காற்றே இல்லாத இடத்திலும் தன்மேல் பத்து கிலோமீட்டர் வேகக் காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். எதிர்க்காற்று பத்து வீசினால் அவர்மேல் படுவது இருபது. அதே காற்று முதுகுப்பக்கமிருந்து வீசினால்? சுழியம். அவரைச் சுற்றிக் காற்று அசைவதே இல்லை. கால்களுக்கு எளிதாக இருக்கும், ஆனால் தோல் மூடிப்போட்டது போலாகிவிடும். நீண்ட கரையில் ஒரு திசையில் சுகமாகவும் திரும்பும்போது திடீரென்று திணறலாகவும் இருப்பதற்குக் களைப்பு மட்டும் காரணமில்லை. உடம்பு சூடாகாத தொடக்கத்தில் காற்றின் திசையில் போய், சூடேறிய பின்பாதியில் எதிர்க்காற்றில் திரும்பி வருவது புத்திசாலித்தனம். நீர் தானாகவே குளிர்ச்சி தரும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். நீர் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். விடியலில் பக்கத்து வயல் மண்ணைவிடத் தேக்கத்து நீர்தான் வெதுவெதுப்பாக இருக்கும்.

காட்டுக்குள் நிலைமை தலைகீழ். மரங்கள் காற்றை நிறுத்திவிடுகின்றன. இலைகள் ஆவியை விடுகின்றன. நின்று பார்க்க வந்தவர் ஐந்து நிமிடத்தில் கசகசப்பார். ஓடுகிறவருக்கு அது பெரிய குறையில்லை, அவருக்கான காற்றை அவரே உண்டாக்குகிறார். ஆனால் வெயிலை மறைக்க அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதை மரம் செய்கிறது. கறுப்புக் கோளத்தின் இருபது பங்கு சட்டென்று இறங்குகிறது. அவரால் முடியாததைக் காடு தருகிறது, காடு தராததை அவரே கொண்டுவருகிறார் என்பதால் ஓடுகிறவருக்கும் அடர்காட்டுக்கும் அவ்வளவு பொருத்தம். நின்றுவிட்டால் மட்டும் இந்தப் பொருத்தம் முறியும். காற்று நிற்கும், வியர்வை ஆறாகப் பெருகும். கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளுவதும் நிற்பதால் இரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றும். முடிவுக்கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். ஓட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் நடக்க வேண்டும்.

ஆரோவில் காட்டில் அந்த நிழலே மனிதர் உண்டாக்கியது. 1968-ல் நகரம் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் மரமற்ற செம்மண். மழை வந்தால் மண் ஓடைகள் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலில் வரப்புக் கட்டி நீரை நிறுத்தினார்கள். வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியாவை வைத்து நிழல் உண்டாக்கினார்கள். அந்த நிழலில் நம் கடற்கரைச் சமவெளிக்கே உரிய மரங்களைக் கொண்டுவந்தார்கள். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் சொல்வது இதைத்தான்: கருங்காலி, பாலை, வீரை என உயரம் குறைந்து, கெட்டி இலையோடு, கோடையிலும் இலை உதிர்க்காமல் நிற்கும் மரங்கள். பெரும்பகுதி அழிந்துபோன இந்தக் காட்டின் மிச்சங்கள் கோயில்காடுகளில் பிழைத்திருந்தன. கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு அவற்றில் பேர்பெற்றது. மார்ச், ஏப்ரலில் இலையுதிர்க்கும் காடு ஓடுகிறவருக்கு நிழல் தேவைப்படும்போதே கைவிட்டுவிடும். இந்தக் காடு கைவிடாது. ஊர் அய்யனாருக்காக விட்டுவைத்த மரங்கள் இன்று ஒரு மாவட்டத்தின் நிழலுக்கு விதையாகியிருக்கின்றன என்பது எனக்கு மிகப் பெரிய விஷயம்.

காலடி மண்ணும் கவனிக்க வேண்டியதே. ஆரோவில் மேட்டின் செம்மண்ணுக்கு அடியில் இருப்பது கடலூர் மணற்கல். வீடூருக்குக் கீழே சங்கராபரணிக் கரையிலுள்ள திருவக்கரையில், இதே மணற்கல்லில், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் கிடக்கின்றன. 1781-ல் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னரா அவற்றைப் பார்த்து எழுதினார். கிளையும் இலையும் இல்லாமல் அடிமரங்கள் மட்டும் கிடப்பதால், அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் உருட்டிக்கொண்டுவந்து மணலில் புதைத்தவை என்று நிலவியலார் கருதுகிறார்கள். சங்கராபரணிப் பக்கம் ஓடுகிறவர் ஒரு பழைய ஆற்றின் படிவின் மேல்தான் ஓடுகிறார்.

தார்ச்சாலையில் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் நகல். காட்டுத்தடத்தில் அப்படியில்லை. பாதம் தரையில் படும்போது குதிகால் நாண் இழுபட்டு ஆற்றலைச் சேமித்து, எழும்பும்போது திருப்பித் தருகிறது. ஓர் அடியில் புழங்கும் ஆற்றலில் ஏறத்தாழ 35 சதவீதத்தை இந்த நாணும், 17 சதவீதத்தைப் பாதத்தின் வளைவும் இப்படிக் கையாள்கின்றன என்று 1987-ல் பிரிட்டனில் அளந்தார்கள். உதிரி மணல் அந்த ஆற்றலைத் திருப்பித் தராமல் விழுங்கிவிடும். அதில் ஓட 1.6 மடங்கு செலவு. ஆனால் சிறு மேடுபள்ளமுள்ள கெட்டித் தரையில் ஓட ஐந்து சதவீதம்தான் கூடுதல் என்று 2015-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. அதே தரையில் நடப்பதற்குக் கூடுதல் செலவு 28 சதவீதம். கரடுமுரடில் நடப்பதைவிட ஓட்டம் தடுமாற்றத்தை நன்றாகச் சமாளிக்கிறது. புதிய தரையில் கால் வைத்த முதல் அடியிலேயே காலின் விறைப்பை உடம்பு திருத்திக்கொள்கிறது. நமக்கு அது தெரிவதுகூட இல்லை.

கண்ணும் கூட ஓடுகிறது. கரடுமுரடான பாதையில் நடக்கிறவர்களின் பார்வை ஒன்றரை வினாடிக்கு அப்பால் கால் வைக்கப்போகும் இடத்தில் பதிவதை 2018-ல் பதிவு செய்தார்கள். இருட்டில் கிளம்புகிறவர்கள் நெற்றியில் விளக்கு கட்டினால், கண்ணின் திசையிலேயே வெளிச்சமும் போவதால் வேரின் நிழல் தெரியாது. தரை தட்டையாகத் தோன்றும். விளக்கை இடுப்பில் கட்டினால் ஒவ்வொரு வேருக்கும் நிழல் விழும். கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் உள்ள ஊரில் அந்த நிழல் இன்னொரு விதத்திலும் உயிர் காக்கும்.

ஆரோவில் மாரத்தான் பிப்ரவரியில் நடப்பதில் நியாயம் இருக்கிறது: பனிக்காலத்து விடியல் நம் பகுதியில் ஆண்டின் மிகக் குளிர்ந்த நேரங்களில் ஒன்று. கோடையில் ஓடியே தீர வேண்டுமென்றால் உடம்பைப் பழக்க வேண்டும். பத்து முதல் பதினான்கு நாள் வரை சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக உழைத்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும். விக்கிரவாண்டிப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் உழைப்பிலேயே வந்துவிடுகிறது. குளிரூட்டிய அறையிலிருந்து வார இறுதியில் வந்து இறங்குகிறவருக்கு இல்லை. சில வாரம் விட்டாலே போய்விடவும் செய்யும்.

தண்ணீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குறைவாகக் குடிப்பதால் வரும் கேடு எல்லோருக்கும் தெரியும். அதிகமாகக் குடிப்பதும் கொல்லும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓடும்போதே எடை கூடியவர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் போதும்: ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பின் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ வெறும் தண்ணீரைவிட மேல்.

கூட ஓடுகிறவர் திடீரென்று குழறிப் பேசினாலோ, திசை தெரியாமல் தள்ளாடினாலோ, அது களைப்பல்ல. உடம்பு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டி. நிழலில் கிடத்தி உடல் முழுதும் குளிர்ந்த நீரை இடைவிடாமல் ஊற்றி விசிற வேண்டும். பெரிய தொட்டியும் பனிக்கட்டியும் கிடைத்தால் தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை மூழ்க வைப்பது இன்னும் நல்லது. நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. விக்கிரவாண்டியை ஒட்டி முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேரும் வரையிலான அந்த நிமிடங்களில்தான் மூளையும் ஈரலும் தப்புவதும் தப்பாததும் முடிவாகும்.

வீடூர்க் கரையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆவல் எழுகிறது. கரைமேல் மரம் வைக்க முடியாது, சரி. பொறியாளர்கள் அனுமதிக்கும் தூரம் தள்ளி, புறம்போக்கிலும் வாய்க்கால் ஓரத்திலும் கருங்காலி, பாலை, வீரை, நாவல் என்று வைத்து ஒரு தடம் அமைக்கலாம். மரமற்ற நிலத்தில் அதை எப்படிச் செய்வது என்பதற்கு முன்மாதிரி இதே மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மரங்கள் மெதுவாக வளர்பவை. முதலில் வேகமான மரம், அதன் நிழலில் இவை என்ற வரிசையைப் பின்பற்றினால் தாங்கும். எங்கே வைப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. காலையில் ஓடுகிறவருக்குத் தடத்தின் கிழக்கே மரம் வேண்டும். நிழல் மிகவும் தேவைப்படும் மே மாதத்தில் நம் ஊரில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து ஏறத்தாழ இருபது டிகிரி வடக்கே விலகி எழுகிறது. அதனால் கிழக்கு மேற்காகப் போகும் தடத்துக்கு வடபுறத்திலும் ஒரு வரிசை வைக்க வேண்டும்.